இஸ்தான்பூலுக்குச் சரக்கெடுக்கப் போகிறவர் கவனத்திற்கு

அக்குறணையிலிருந்து ஓர் இளம் வியாபாரி தொலைபேசியில் அழைத்திருந்தார். வாப்பாவின் பிடவைக் கடையை அவர் பொறுப்பேற்று இரண்டு வருடங்கள்தான் ஆகின்றன. புறக்கோட்டையில் இரண்டு மூன்று கை மாறி வரும் துருக்கி ஸ்கார்ப்களையும் நீண்ட மேலங்கிகளையும் வாங்கி விற்று வந்தவர், அடுத்த நோன்புப் பெருநாளுக்கான சரக்கை நேரே இஸ்தான்பூலுக்குப் போய் எடுத்துவரத் தீர்மானித்திருக்கிறார். கையிலுள்ள முதலோடு உம்மாவின் நகையில் ஒரு பகுதியை விற்ற சல்லியும் சேர்ந்திருக்கிறது. இதுவரை அவர் போன வெளிநாடு மக்காவும் மதீனாவும் மட்டுமே.

"எனக்குப் பயமில்லை நானா. பெங்கொக்குக்கா போகிறேன்? அங்கே எல்லாரும் எங்கட ஆட்கள்தானே. ஸலாம் சொன்னால் போதும்தானே?" என்றார்.

பயமில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. ஏனென்றால் 2014ஆம் ஆண்டு முதன்முறை அந்நகருக்குச் சரக்கெடுக்கப் போனபோது நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஸலாம் நம்மைக் கடைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உட்கார்ந்த பிறகு நடப்பதெல்லாம் அந்த ஊர் வழக்கம். அது ஜித்தாவின் வழக்கமுமல்ல, துபாயின் வழக்கமுமல்ல, நம் மெயின் ஸ்ட்ரீட்டின் வழக்கமுமல்ல. அந்தத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும், இதே எண்ணத்தோடு இருக்கும் ஏனைய வியாபாரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

கை கொடுத்தால் வியாபாரம் முடிந்தது

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன்.

லாலேலி என்பது பழைய நகரின் ஆடை மொத்த வியாபாரப் பகுதி. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1990களில் ரஷ்யாவிலிருந்தும் அயல் நாடுகளிலிருந்தும் வியாபாரிகள் வெறும் பெட்டியோடு வந்து நிறைத்துக்கொண்டு திரும்பிய இடம். 'பெட்டி வியாபாரம்' என்றே அதற்குத் துருக்கியில் பெயர். இன்றும் பல கடைகளின் பெயர்ப்பலகையில் ரஷ்ய எழுத்தும் அரபு எழுத்தும் இருக்கும். அங்கே ஒரு ஸ்கார்ப் கடையில் நான் நுழைந்தேன். ஸலாம் சொன்னேன். வயதான முதலாளி எழுந்து பதில் சொல்லி, கதிரை போட்டு, தேநீர் வரவழைத்தார். விலை கேட்டேன், குறைத்துக் கேட்டேன், அவர் கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். கடைசியில் நான் சொன்ன விலைக்கே அவர் வந்துவிட்டார். "ஹயர்லி ஓல்சுன்" என்று கையை நீட்டினார். 'கைராக அமையட்டும்' என்று பொருள். அழகான துஆவாகப் பட்டது. நானும் அதையே திருப்பிச் சொல்லிக் கையைப் பற்றிக் குலுக்கினேன். பிறகு, புறக்கோட்டையில் செய்வதுபோல, "அடுத்த கடையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்தேன்.

அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. கோபப்படவில்லை. தேநீர்க் குவளையை எடுத்து ஓரமாக வைத்தார், அவ்வளவுதான். நான் நான்கு கடை ஏறி இறங்கிவிட்டு மறுநாள் திரும்பிப் போனேன். அவர் விலைதான் குறைவு, துணியும் அவருடையதுதான் நல்லது. ஸலாமுக்குப் பதில் கிடைத்தது, தேநீரும் கிடைத்தது, சரக்குக் கிடைக்கவில்லை. எந்த விலைக்கும் தர மறுத்துவிட்டார். கடைப் பையன் வாசல் வரை வந்து அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினான்: நீங்கள் விலை கேட்டுவிட்டுப் போயிருந்தால் ஒன்றுமில்லை. விலையை நீங்களே சொல்லி, அவர் ஏற்று, இருவரும் ஹயர்லி ஓல்சுன் சொல்லிக் கை கொடுத்த பிறகு எழுந்து போனீர்கள். அது எங்களிடம் வாக்கு.

அந்தப் பயணத்தில் அதே தரத்துத் துணியைக் கூடுதல் விலைக்கு வேறிடத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். இலாபத்தில் பெரும் பங்கு அந்த ஒரு கைகுலுக்கலில் போயிற்று.

ஆகவே பத்துக் கடை பாருங்கள். விலை கேளுங்கள். அட்டையை வாங்கிப் பின்பக்கத்தில் விலையை எழுதிக்கொள்ளுங்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வாங்கும் எண்ணம் உறுதியாகும்வரை உங்கள் வாயால் ஒரு விலையைச் சொல்லாதீர்கள். சொல்லி அவர் ஏற்றுக்கொண்டால், வாங்கத்தான் வேண்டும். தேநீர் வேறு விடயம். அதைக் குடித்ததால் எதையும் வாங்கும் கடமை இல்லை. மறுப்பதுதான் மரியாதைக் குறைவு.

தேநீரும் தலையாட்டலும்

உலகில் தலைக்கு அதிகம் தேநீர் குடிக்கும் மக்கள் துருக்கியர். கருங்கடலோரம் ரிஸே என்ற பகுதியில் விளையும் சொந்தத் தேயிலை அவர்களுக்கு உண்டு. இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில், பாலில்லாமல், சீனிக் கட்டியோடு வரும். தீரத் தீர அடுத்தது வந்துகொண்டே இருக்கும். போதுமென்றால் கரண்டியைக் குவளையின் மேல் குறுக்காக வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். ஒரு நாளில் எட்டுக் கடை ஏறினால் எட்டுத் தேநீர். வயிறு தாங்காதவர் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

நம் நாட்டுத் தேயிலையை அங்கே அறியாதவர் குறைவு. 'செய்லான்' என்றால் பலருக்கும் தெரியும். தென்கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்து நகரில் கடை வைத்திருப்பவர்கள் அதை விரும்பியே குடிப்பார்கள். பெட்டியில் இடமிருந்தால் நல்ல தேயிலைப் பொதிகள் ஐந்தாறு எடுத்துப் போங்கள். முதல் சந்திப்பிலேயே நீட்டாதீர்கள்; கைக்கூலி போலத் தோன்றும். கணக்கு முடிந்து விடைபெறும்போது கொடுத்தால், அடுத்த வருடம் உங்கள் பெயர் நினைவிருக்கும்.

அடுத்தது நம் தலை. நாம் ஆம் என்பதற்கும், சரி பார்ப்போம் என்பதற்கும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஒரே மாதிரி பக்கவாட்டில் தலையை அசைப்போம். துருக்கியருக்கு இது விளங்காது. அவர்களோ 'இல்லை' என்பதற்குப் புருவத்தை உயர்த்தித் தலையை மேல்நோக்கி ஒரு தடவை வெட்டுவார்கள். சிலர் நாவால் 'ச்ச்' என்று ஓர் ஒலியும் எழுப்புவார்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு அது அலட்சியமாகப் படும். அலட்சியமில்லை, 'யொக்' என்பதன் சுருக்கம், அதாவது, இல்லை. வியாபாரம் பேசும்போது தலையை அசையாமல் வைத்துக்கொண்டு, கல்குலேட்டரில் எண்ணைக் காட்டி, வாயால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிப் பழகுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து 'பிரமாதம்' என்று காட்டும் சைகையும் வேண்டாம். அங்கே அது அசிங்கமான பொருள் தரும்.

அழைக்கும் முறையில் நமக்கும் அவர்களுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. நாம் நானா என்பதை அவர்கள் 'அபி' என்பார்கள். நம் தாத்தா, ராத்தா அங்கே 'அப்லா'. கடைப் பையனும் பஸ் சாரதியும் அபிதான். சற்றுப் பெரிய கடை முதலாளி, அலுவலகத்தில் இருப்பவர் என்றால் பெயரின் பின்னே 'பெய்' சேர்க்க வேண்டும், பெண்ணென்றால் 'ஹனும்'. குடும்பப் பெயரோடு அல்ல, சொந்தப் பெயரோடு: மெஹ்மெத் பெய், ஆய்ஷே ஹனும். வேலையிலிருப்பவரைக் கடந்து போனால் "கொலாய் கெல்சின்", உங்கள் வேலை இலேசாகட்டும் என்று பொருள். கடையை விட்டு வெளியேறும்போது "ஹயர்லி இஷ்லெர்", நல்ல வியாபாரம் நடக்கட்டும். காசை வாங்கியதும் கடைக்காரர் "அல்லாஹ் பெரெகெத் வெர்சின்" என்பார். அல்லாஹ் பரக்கத் தரட்டும் என்பதுதான் அது. காலையில் முதல் கொள்வனவு உங்களுடையது என்றால் அவருக்கு அது 'சிஃப்தா'. நம் கடைகளில் முதல் வியாபாரத்தைத் தட்டிவிடக் கூடாது என்று விலையைச் சற்று விட்டுக்கொடுப்போமல்லவா, அதே மனம் அங்கேயும் உண்டு. சிறிய அளவில் வாங்குகிறவர் காலை வேளையில் போனால் நட்டமில்லை.

எல்லாரும் ஸலாமையே எதிர்பார்ப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். பழைய நகரின் கடைத்தெருவில் ஆண்களுக்கிடையே ஸலாம் சாதாரணம். நவீன அலுவலகங்களிலும், ஒஸ்மான்பெய் போன்ற நாகரிக ஆடை மொத்தக் கடைகளிலும் 'மெர்ஹபா' என்றே பேச்சு ஆரம்பிக்கும். அவர் மெர்ஹபா என்றால் நீங்களும் மெர்ஹபா என்று விட்டுவிடுங்கள். ஸலாம் சொல்லவில்லையே என்று முகத்தைச் சுளிக்கும் நம்மவர்களைக் கண்டிருக்கிறேன்.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை

ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் வாழும் நகரம் அது. நம் நாட்டு மொத்த சனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே ஊரில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கண்கள் மட்டும் தெரிய உடுத்தவரும், தலையில் ஒன்றும் போடாதவரும் ஒரே ட்ராமில் அருகருகே நிற்பார்கள். இருவரும் ஒரே வீட்டுச் சகோதரிகளாகக்கூட இருக்கலாம். ஸ்கார்ப் விற்கும் மொத்தக் கடையில் முகாமையாளர் தலை மூடாத பெண்ணாக இருப்பதும் உண்டு. 'நீங்கள் முஸ்லிமா' என்று அவரிடம் கேட்காதீர்கள். தலையைப் பற்றியும் கேட்காதீர்கள். பல்கலைக்கழகங்களில் 2010 வரையிலும் அரச அலுவலகங்களில் 2013 வரையிலும் ஸ்கார்ப் அணியத் தடை இருந்த நாடு அது. இரு தரப்பிலும் ஆறாத புண் உண்டு. சரக்கெடுக்கப் போன நாம் அதில் விரலை வைக்கத் தேவையில்லை. பெண்களிடம் நாமாகக் கை நீட்டாமல், அவர் நீட்டினால் பார்த்துக்கொள்ளலாம். நீட்டாதவரும் நிறைய உண்டு. நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தால் போதும், அது அங்கே எல்லாருக்கும் விளங்கும் மரியாதை.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட ஜுப்பாவில் ஊர் ஆண்கள் கடைக்குப் போவது அங்கே அரிது. அப்படிப் போனால் உங்களை வளைகுடாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி என்று நினைத்து, அதற்கேற்ற விலையைச் சொல்வார்கள். சாதாரண காற்சட்டை, சேர்ட், சுத்தமான சப்பாத்து. டிசம்பர் முதல் மார்ச் வரை தடித்த கோட்டும் தேவை, பனியும் கொட்டும்.

துருக்கித் தொப்பியை எடுத்துப் போக நினைத்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1905இல் எம். சி. அப்துல் காதர் என்ற நம் சட்டத்தரணி அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாடத் தடுக்கப்பட, மருதானையில் நம் மக்கள் பெருங்கூட்டம் கூடி உரிமை கேட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1925இல், துருக்கியர் அதே தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். இன்று இஸ்தான்பூலில் அதை அணிந்திருப்பவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஐஸ்கிறீம் விற்பவராகத்தான் இருப்பார்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் பின்னால் நிற்கும் முஸ்தபா கமால் அதாதுர்க் பற்றி நம்மில் பலருக்கு அபிப்பிராயம் உண்டு. அதை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். அவரது நினைவை அவமதிப்பது 1951ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி குற்றம். ஜனாதிபதியை அவமதிப்பதும் தண்டனைக்குரியதே. அதைவிட முக்கியம், நீங்கள் பேசும் கடைக்காரர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. நவம்பர் 10ஆம் திகதி காலை 9.05க்கு அவர் இறந்த நேரத்தில் சைரன் ஒலிக்கும், வீதியில் வாகனங்கள் நிற்கும், மக்கள் இறங்கி நிற்பார்கள். அன்று அங்கிருந்தால் நீங்களும் பேசாமல் நில்லுங்கள்.

கடைச் சுவரில் கண் திருஷ்டிக்கு நீலநிறக் கண்ணாடி மணி தொங்கும். அது பற்றிப் பயான் பண்ணவும் வேண்டாம்.

ஞாயிறு பூட்டு, வெள்ளி திறப்பு

ஜித்தாவைப் பார்த்தவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். துருக்கியில் 1935 முதல் வார விடுமுறை ஞாயிறு. வெள்ளி முழு வேலை நாள். ஜும்ஆ நேரத்தில் மட்டும் பல கடைகளில் ஆட்கள் எழுந்து போவார்கள். கதவுக்குக் குறுக்கே ஒரு கதிரை இருந்தால் முதலாளி அருகில் எங்கோ போயிருக்கிறார், வருவார் என்று பொருள். ஞாயிறன்று லாலேலி, மெர்தர் மொத்தக் கடைகள் அநேகமாகப் பூட்டு. பெரிய மூடிய சந்தையான கப்பாலிச் சார்ஷியும் பூட்டு. ஆகவே சனி இரவு போய் இறங்கி ஒரு நாள் ஹோட்டல் காசை வீணாக்காதீர்கள். ஞாயிறு மாலை இறங்கினால் திங்கள் காலை வேலை தொடங்கலாம். நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது என்பதால் அதிகாலையில் தானாகவே விழிப்பு வரும்.

இரண்டு பெருநாட்களிலும் சந்தை பூட்டு. நோன்புப் பெருநாளுக்கு மூன்றரை நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலரை நாள் அரச விடுமுறை. வார இறுதியோடு இணைத்து ஒன்பது நாளாக நீட்டுவதும் உண்டு. கடல் வழியாகச் சரக்கு வர வாரக்கணக்கில் ஆகும், நம் துறைமுகத்தில் எடுக்கும் நாட்கள் வேறு. பெருநாள் சரக்குக்கு நோன்புக்கு ஒரு மாதம் முன்னர் போகிறவர் பெருநாள் முடிந்துதான் பெட்டியைத் திறப்பார். ஸபர், ரபீஉல் அவ்வல் மாதங்களிலேயே போய்வருவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே போவது? சந்தையின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் கப்பாலிச் சார்ஷிக்கு ஓடுகிறார்கள். சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் நகரை வென்ற சில ஆண்டுகளில் கட்டத் தொடங்கியது அது. அறுபதுக்கும் அதிகமான தெருக்கள், நாலாயிரம் அளவில் கடைகள். பார்க்க வேண்டிய இடம், சரக்கெடுக்கும் இடமல்ல. அங்கே விலை பயணிகளுக்கானது. நம் வேலைக்கு லாலேலி, மெர்தர், ஒஸ்மான்பெய், தோலாடைக்கு ஸெய்தின்புர்னு. மூடிய சந்தையிலிருந்து எமினோனுக் கரைக்கு இறங்கும் மஹ்மூத்பாஷா தெருவில் மலிவான ஆடைகள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். பலகையில் 'தொப்தான்' என்றிருந்தால் மொத்தம் மட்டும். ஒன்றிரண்டு தாருங்கள் என்று கேட்டு அவர் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மொத்தக் கடையில் 'செரி' என்றொரு சொல் வரும். ஒரே மாதிரி ஆடையின் எல்லா அளவும் ஒவ்வொன்றாகச் சேர்ந்த கட்டு அது. 38, 40, 42, 44, 46 என்று ஐந்தும் ஒன்றாகத்தான் தருவார்கள். நம் பெண்களுக்கு ஓடும் அளவை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. அவர்களின் 38ம் நம் 38ம் ஒன்றல்ல. வீட்டிலிருந்து ஓர் அளவு நாடாவும், உங்கள் கடையில் நன்றாகப் போகும் ஓர் ஆடையும் கொண்டுபோய் அளந்து பாருங்கள். சொல்லும் விலை ஒரு துண்டுக்கா, செரிக்கா என்பதைக் கேட்டுத் தெளிவாகுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்

விலை டொலரில் சொல்வார்கள். லீராவின் மதிப்பு 2018க்குப் பிறகு தொடர்ந்து விழுந்தது. 2022 ஒக்டோபரில் அரச கணக்கின்படியே பணவீக்கம் 85 வீதத்தைத் தாண்டியது. எனவே போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன லீரா விலையை நம்பி வரவு செலவு போடாதீர்கள். நம் ரூபாய் நோட்டை அங்கே மாற்ற இயலாது. கிழியாத, கிறுக்காத டொலர் நோட்டுகளை இங்கிருந்து சட்டப்படி அறிவித்து எடுத்துச் செல்லுங்கள். விமான நிலையத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகருக்குள் 'தோவிஸ்' என்று எழுதிய பண மாற்றுக் கடைகளில் மாற்றினால் விகிதம் நன்றாக இருக்கும்.

'ஒரே கலிமா சொல்கிறவர்கள்தானே, எழுதிக் கேட்டால் மனம் நோவாரே' என்று நம்மவர் தயங்குவதுதான் மிகப் பெரிய பிழை. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனம் முஃமின்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. துருக்கி வியாபாரியும் எழுதக் கேட்டால் நோகமாட்டார். அங்கே 'ஃபாத்துரா' என்ற முறையான விலைப்பட்டியல் வியாபாரத்தின் பகுதி. நிறம், அளவு, துண்டுக் கணக்கு, கட்டுகளின் எண்ணிக்கை, விலை, எந்தத் திகதிக்குள் கார்கோவுக்கு ஒப்படைப்பது எல்லாம் அதில் இருக்கட்டும். மாதிரிக்கு ஒரு துண்டை வாங்கிக் கையில் எடுத்து வாருங்கள். பெட்டியில் வருவதை அதோடு ஒப்பிடலாம். ஒரு பயணத்தில், சுன்னத் தாடியும் இனிய ஓதலும் கொண்ட ஒரு தரகரை நம்பி, எழுத்தில்லாமல் பன்னிரண்டு கட்டுக்குக் காசு கொடுத்தேன். வந்தது பத்து. யாரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

பிரபல பெயர்களின் போலிச் சரக்கு வீதியெங்கும் குவிந்திருக்கும். ஒன்றிரண்டு நமக்கென்றும் எடுக்க வேண்டாம், கடைக்கென்றால் வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் நல்ல சரக்கும் சேர்ந்து நிற்கும். விசா விதிகளும் நம் இறக்குமதி விதிகளும் அடிக்கடி மாறுபவை. டிக்கட் போடுமுன் கொழும்பிலுள்ள துருக்கித் தூதரகத்திலும், உங்கள் சுங்க முகவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தும் சாப்பாடும்

2019இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய புதிய விமான நிலையம் நகரிலிருந்து வெகு தூரம். பஸ்ஸும் மெட்ரோவும் உண்டு. 'இஸ்தான்பூல்கார்ட்' என்ற ஒரே அட்டையில் பஸ், ட்ராம், மெட்ரோ, படகு எல்லாவற்றிலும் போகலாம். டீ1 ட்ராம் ஒன்றே நமக்குப் பாதி வேலையை முடித்துத் தரும்: எமினோனு, சுல்தானஹ்மத், பெயாஸித், லாலேலி எல்லாம் அதன் பாதையில்தான். டக்ஸி ஏறினால் மீற்றர் ஓடுகிறதா என்று பாருங்கள். நோட்டைக் கொடுக்கும்போது அதன் மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். முன்னால் நடக்கும் சப்பாத்துத் துடைப்பவரின் பிரஷ் தற்செயலாக விழும். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாக உங்கள் சப்பாத்தைத் துடைத்துவிட்டுக் காசு கேட்பார். தக்ஸீமில் திடீரென்று நண்பனாகி இரவு விருந்துக்கு அழைப்பவரோடு எந்தக் காரணத்துக்கும் போகவேண்டாம். முஸ்லிம் பெயர் சொல்லித்தான் அவரும் அழைப்பார்.

சாப்பாட்டுக்கு 'லொகந்தா' என்ற கடைகள் வசதி. சமைத்தவை தட்டுகளில் எதிரே இருக்கும். விரலால் காட்டினால் போதும். உறைப்பு இருக்காது. கட்டச்சம்பல் போத்தல் ஒன்று கொண்டு போகிறவர்களைக் கண்டு நான் சிரித்ததுண்டு, மூன்றாம் நாள் அவர்களிடமே கேட்டு வாங்கியதும் உண்டு. சோற்றைக் கையால் பிசைந்து உண்பது அங்கே வழக்கமில்லை, முள்ளுக்கரண்டியும் பாணும்தான். சில உணவகங்களில் மதுவும் இருக்கும், உள்ளே போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வீதியில் சோறு திணித்த சிப்பி விற்பார்கள். ஹனஃபி மத்ஹபில் அதை உண்பதில்லை என்பார்கள், ஆனாலும் இஸ்தான்பூல்வாசிகள் வரிசையில் நின்று உண்கிறார்கள். ஷாஃபிகளாகிய நாம் தாராளமாக உண்ணலாம். வெயில் காலத்தில் வயிறு என்ன சொல்லும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய மரியாதை. ஒரு பெட்டி பக்லாவா வாங்கிப் போங்கள். சப்பாத்தை வாசலில் கழற்றினால் வீட்டுச் செருப்புத் தருவார்கள்; மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வாசனைத் திரவம் ஊற்றுவார்கள், 'கொலொன்யா'. அது குடிப்பதற்கல்ல, கையில் தேய்ப்பதற்கு.

தொழுகை

எங்கே நின்றாலும் ஐந்து நிமிட நடையில் பள்ளிவாசல். ஆனால் தொழுகை நேரம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும். ஜூன் மாதத்தில் இஷா இரவு பத்து மணிக்கும் பிறகு. டிசம்பரில் மாலை ஆறுக்கு முன்னரே மஃரிப் முடிந்துவிடும். அவர்கள் ஹனஃபிகள். ஆமீன் மெதுவாகச் சொல்வார்கள், சுபஹில் குனூத் இல்லை. நீங்கள் சத்தமாக ஆமீன் சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், திரும்பி மட்டும் பார்ப்பார்கள். பயணத்தில் ஜம்உ செய்வதை அவர்கள் வழக்கத்தில் காணமாட்டீர்கள். கஸ்ர் தொழ நினைத்திருந்தாலும் ஊர் இமாமின் பின்னால் நின்றால் நான்கையும் பூரணமாகத் தொழவேண்டும். மேற்கொண்டு உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுப் போங்கள். சப்பாத்தைக் கம்பளத்தில் வைக்காமல் தட்டில் வைக்கவேண்டும். அயா சோஃபியா 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலானது. பார்வையாளர்களுக்கு 2024 ஜனவரி முதல் கட்டணமும் வேறு வாசலும். தொழப் போகிறவருக்குக் கட்டணமில்லை.

வியாபாரியாக நான் ஒவ்வொரு முறையும் போவது எமினோனுவில் உள்ள ருஸ்தம் பாஷா பள்ளிவாசலுக்கு. பதினாறாம் நூற்றாண்டில் மிமார் சினான் கட்டியது. வீதியிலிருந்து பார்த்தால் பள்ளி தெரியாது, கடைகள்தான் தெரியும். குறுகிய படியேறிப் போனால் கடைகளின் கூரையே பள்ளியின் முற்றம். கீழிருக்கும் கடைகளின் வாடகை மேலிருக்கும் பள்ளியை நடத்தவேண்டும் என்ற வக்ஃப் ஏற்பாட்டோடு கட்டினார்கள். நம்மூர்களில் பள்ளி நிர்வாகம் ஒவ்வொரு வெள்ளியும் உண்டியலை எதிர்பார்த்து நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தப் படியில் நின்று யோசிக்க நிறைய இருக்கிறது. நீல ஓடுகள் பதித்த சுவரும் பார்க்க வேண்டியதே.

அக்குறணைத் தம்பிக்கு இவற்றில் பாதியைத்தான் அன்று சொன்னேன். கவனமாகக் கேட்டார், எழுதியும் எடுத்தார். மலிவான டிக்கட் கிடைத்ததென்று, சொன்னதையும் மீறிச் சனி இரவு போய் இறங்கிவிட்டார். ஞாயிறு காலை லாலேலியிலிருந்து அழைப்பு வந்தது.

"நானா, ஒரு கடையும் திறக்கவில்லையே!"

எமினோனுவுக்கு இறங்கி உஸ்குதார் படகில் ஏறச் சொன்னேன். அட்டையில் ஏறலாம், இருபது நிமிடத்தில் ஆசியாக் கரை. மேல் தட்டில் தேநீர் விற்பார்கள்.